ராடு பிடித்த கைக்கு டார்ச் தானாக வந்துவிடாது

வெல்டிங் வரி, அதாவது பீடு, அவ்வளவு சீராக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடலாம் போல. பெண்ட் டெஸ்டில் துண்டை வளைத்ததும் சட்டைத் தையல் பிரிவதுபோல ஓரத்தோடு திறந்துகொண்டது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வெல்டிங் ஆய்வுக்குப் போகிற எனக்கு இது வாடிக்கையாகிவிட்டது. ஓனர் சொல்லும் பதிலும் வாடிக்கைதான்: "சார், இருபது வருஷ வெல்டர். இவருக்கா வெல்டிங் தெரியாது?"

தெரியும். மேல்பூச்சுள்ள கம்பியை ஹோல்டரில் பிடித்து ஓட்டும் ராடு வெல்டிங் தெரியும். அனல்மின் நிலையக் கருவிகள் செய்யும் 'பெல்' நிறுவனத்துக்கு டக்ட், கேசிங் செய்து கொடுத்தே வளர்ந்த பட்டறைகள் இங்கே ஏராளம். அனல்மின் நிலைய ஆர்டர் குறைந்ததும் வேறு வேலை தேடினார்கள். வேகம் வேண்டுமென்று, டார்ச் முனையில் வயர் தானாக வந்து உருக, சுற்றிலும் கேஸ் பாயும் சி.ஓ.டூ மெஷின் வாங்கினார்கள். ஹோல்டர் பிடித்த கையில் டார்ச்சைக் கொடுத்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

எல்லா வெல்டிங்கும் ஒன்றுதான் என்ற நினைப்பைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ராடில் ஆம்பியரை வைத்துவிட்டால் மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். தப்பினால் ராடு ஒட்டும், ஆர்க் அணையும், ஆளுக்கே தெரிந்துவிடும். சி.ஓ.டூவில் வோல்டேஜும் வயர் வேகமும் பொருந்த வேண்டும். வோல்டேஜைக் குறைத்து வைத்துத் தடித்த தகட்டில் ஓட்டினாலும் வயர் பாட்டுக்கு உருகி மேலே படியும். அடியில் தகடு உருகியே இருக்காது. சில சமயம் எக்ஸ்ரேகூட இதைக் கோட்டைவிடும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் செக்‌ஷன் 9 விதிப்படி, ஒரு வெல்டிங் முறையில் தேறியவர் இன்னொன்றுக்குத் தனியாகத் தேற வேண்டும். தேறிய முறையையும் 6 மாதம் தொடாமல் விட்டால் மறுபடி டெஸ்ட். இருபது வருஷத்துக்கென்று அதில் சலுகை எதுவும் இல்லை.

அப்புறம் ஃபேன். நம்ம வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் ஃபேன் இல்லாமல் நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ராடில் மேல்பூச்சு எரிந்து வரும் புகையும், மேலே படியும் ஸ்லாக் என்ற கசடும் உருகிய இரும்பில் காற்று படாமல் காவல். ஃபேன் காற்றை ஓரளவு தாங்கும். சி.ஓ.டூவில் சிலிண்டர் கேஸ் மட்டும்தான் காவல். காற்று அதை அடித்துக்கொண்டு போனால் பீடு முழுக்க ஊசி ஓட்டை. உடனே ரெகுலேட்டரைத் திருகி கேஸைக் கூட்டாதீர்கள். அளவு மீறினால் அதுவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஃபேனை ஆள் முதுகுப் பக்கம் தள்ளி வைத்து, வேலை நடக்கிற இடத்துக்கு ஒரு தட்டி மறைப்பு கட்டுங்கள்.

ஐ.டி.ஐ. பையன்களைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறவர்களும் உண்டு. மெஷினில் அளவு வைக்கும் பேனலைப் பையன் சாயங்காலத்துக்குள் பழகிவிடுவான். உருகி ஓடும் இரும்பைப் பார்த்து டார்ச்சைச் சாய்க்க அவனுக்கு யார் சொல்லித் தருவது? அந்தப் பழைய வெல்டர்தான்.

ஓனர்களே, மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பயிற்சி எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். டெமோவை சூப்பர்வைசருக்கு மட்டும் காட்டினால் போதாது. எந்தத் தடிமனுக்கு எத்தனை வோல்ட், எவ்வளவு வயர் வேகம் என்று தமிழில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். வாரம் ஒரு துண்டை வெல்டிங் செய்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டியவர் கையாலேயே. டெஸ்டுக்குக் கூப்பிட்டால் மூத்தவர்களுக்கு அவமானமாகத்தான் இருக்கும். தோற்றாலும் வேலை போகாது, கூலி குறையாது என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.