சிறிய காருக்கு எந்த ஹெட்லைட் பல்பு?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கடைவரிசையைத் தாண்டியதும் தெரு விளக்குகள் முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு இருபுறமும் செம்பனை மட்டைகள் கவிந்து நிற்கும் சாலையில், பின்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிளையும், தார் ஓரத்தில் படுத்திருக்கும் மாட்டையும், குலை ஏற்றிச் சென்ற லோரியிலிருந்து விழுந்து கிடக்கும் செம்பனைக் குலையையும் ஓட்டுநருக்குக் காட்டுவது காரின் ஹெட்லைட் மட்டுமே. பெரோடுவாவின் சிறிய கார்களான பழைய விவாவோ முதல் தலைமுறை மைவியோ வைத்திருப்பவர் பட்டறைக்குப் போய், "அண்ணே, வெளிச்சம் பத்தல, நல்ல பல்பா பார்த்துப் போடுங்க" என்று கேட்பது இயல்பே. அப்போது அவர் முன் வைக்கப்படும் பெட்டிகளில் 6000 கெல்வின், 20,000 லூமென், 150 சதவீதம் கூடுதல் வெளிச்சம் என்று எண்கள் மின்னுகின்றன. ஆனால் விளக்கின் உள்ளே ஒளி எந்த இடத்திலிருந்து, எந்த வடிவத்தில் பிறக்கிறது என்பதை அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூடச் சொல்வதில்லை. சாலையில் விழும் வெளிச்சத்தின் தரத்தை முடிவு செய்வதோ அதுதான்.

மேற்சொன்ன கார்களில் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அறிமுகமான இந்த வகை, இன்றும் உலகெங்கும் சிறிய கார்களில் பரவலாக உள்ளது. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் இருக்கும். தொலைவுக்குப் பாயும் உயர் கற்றைக்கானது 60 வாட், எதிரே வாகனம் வரும்போது போடும் தாழ் கற்றைக்கானது 55 வாட். இழை ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் நீளமே உடையது. தாழ் கற்றை இழைக்குக் கீழே கரண்டி போன்ற ஒரு சிறு உலோகத் தட்டு பொருத்தப்பட்டிருப்பதைப் புதிய பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே காணலாம். இந்த வடிவமைப்பின் மூளை அந்தத் தட்டுதான்.

பரவளைவு வடிவப் பிரதிபலிப்பானின் குவியத்தில் ஒளி பிறந்தால், அது இணைகதிர்களாக நேரே முன்னோக்கிப் போகும். எச்4 பல்பின் உயர் கற்றை இழை குவியத்தை ஒட்டி அமைக்கப்பட்டிருப்பதால், பிரதிபலிப்பான் முழுவதையும் பயன்படுத்தி ஒளி தொலைதூரம் பாய்கிறது. தாழ் கற்றை இழையோ குவியத்துக்குச் சற்று முன்னால் உள்ளது. அப்படி முன்னால் தள்ளி வைத்த இழையின் ஒளி, பிரதிபலிப்பானின் மேற்பாதியில் பட்டால் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஆகவே கீழ்ப்பாதிக்குச் செல்லும் ஒளியை அந்த உலோகத் தட்டு மறைத்துவிடுகிறது. உயர் கற்றையில் சுமார் 1650 லூமென் (மொத்த ஒளியின் அளவு) தரும் பல்பு தாழ் கற்றையில் சுமார் 1000 லூமென் மட்டுமே தருவதற்கு இந்த மறைப்பே முதன்மைக் காரணம். இது வீணடிப்பு அன்று. எதிரே வருபவருக்காக ஒதுக்கி வைக்கப்பட்ட இருட்டு. மலேசியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், சுவரில் அடித்துப் பார்த்தால் ஒளியின் மேல் எல்லைக்கோடு வலப்பக்கம் கிடையாகவும் இடப்பக்கம் சுமார் 15 பாகை மேலேறியும் தெரியும். சாலையோரத்து நடைபாதையையும் அறிவிப்புப் பலகையையும் காட்டுவதற்காகவே அந்த ஏற்றம்.

இந்த நுணுக்கம் அனைத்தும் மில்லிமீட்டர் கணக்கில் நடப்பவை. இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலே எல்லைக்கோடு கலைந்துவிடும். எனவே பல்பு எவ்வளவு ஒளி தருகிறது என்று கேட்பதற்கு முன், அந்த ஒளி பழைய இழை இருந்த அதே இடத்தில், அதே வடிவில் பிறக்கிறதா என்று கேட்க வேண்டும்.

எல்இடி மாற்றுப் பல்புகள் தடுமாறுவது இங்கேதான். எல்இடியின் அடிப்படை அறிவியலில் குறையே இல்லை. நீல ஒளி தரும் குறைகடத்திச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூசி வெள்ளை ஒளியைப் பெறும் முறைக்கு வழி திறந்த நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே மின்திறனுக்கு ஹாலஜனைவிடப் பல மடங்கு ஒளியை அது தருகிறது. சிக்கல் வடிவத்தில் உள்ளது. டங்ஸ்டன் இழை என்பது எல்லாத் திசையிலும் ஒளி வீசும் ஒரு மெல்லிய உருளை. எல்இடி சில்லோ தட்டையானது. தன் முகத்துக்கு நேரே அதிகமாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் ஒளி வீசுவது. மாற்றுப் பல்பில் ஒரு பலகையின் இருபக்கமும் சில்லுகளை ஒட்டுகிறார்கள். அந்தப் பலகையின் தடிமன் காரணமாக, இரு பக்கத்து ஒளிகளும் இழை இருந்த அச்சிலிருந்து விலகியே பிறக்கின்றன. விளைவாகப் பிரதிபலிப்பானின் சில பகுதிகள் தேவைக்கு மேல் ஒளியைப் பெறுகின்றன, சில பகுதிகள் இருட்டாகவே கிடக்கின்றன. காருக்கு முன்னால் பத்து மீட்டர் தூரம் பளீரென்று வெள்ளையடித்தாற்போல் தெரிவதும், அதற்கப்பால் ஒன்றும் தெரியாமல் போவதும் இதனால்தான். முன்னால் உள்ள தரை மிகையாக ஒளிரும்போது கண்ணின் மணி சுருங்கிவிடுவதால், தொலைவில் இருப்பவை மேலும் மங்குகின்றன. ஓட்டுநரோ வெளிச்சம் கூடிவிட்டதாக மகிழ்கிறார்.

அடுத்தது சூடு. எல்இடியின் கதிரில் அகச்சிவப்பு குறைவு என்பதால் அதில் சூடே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சில்லுக்குள் பிறக்கும் சூடு கதிராக வெளியேற வழியின்றிப் பின்பக்கமாகவே கடத்தப்பட வேண்டும். அதற்காகத்தான் பல்பின் வாலில் விசிறியும் உலோகச் செதில்களும் இருக்கின்றன. எஞ்சின் அறையின் வெப்பத்தில், மூடிய ரப்பர் உறைக்குள் அந்த விசிறி திணறினால் சில்லு சூடேறி ஒளி படிப்படியாகக் குறையும். போதாக்குறைக்கு, மலிவான எல்இடிகளின் மின்சுற்று வானொலியில் இரைச்சலைக் கலப்பதும் உண்டு. ஹெட்லைட்டைப் போட்டதும் மின்னல் பண்பலையில் கரகரப்பு எழுந்தால் வானொலிப் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

இதற்கெல்லாம் தீர்வே கிடையாது என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி மாற்றுப் பல்புகளுக்குச் சாலை அனுமதி கிடைத்துள்ளது. ஆனால் அந்த அனுமதி பல்புக்கு மட்டும் தரப்படுவதில்லை. இன்ன கார் மாடலின் இன்ன விளக்குக் கூட்டில் சோதித்துத் தேறியது என்று பட்டியலிட்டே தரப்படுகிறது. நம் ஊர்க் கடையில் எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படுவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. எச்ஐடி எனப்படும் செனான் பல்பைப் பற்றி இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 35 வாட்டில் சுமார் 3200 லூமென் தரும் அந்தப் பல்பை ஹாலஜனுக்கென்று வார்த்த கூட்டில் செருகினால், எதிரே வருபவர் குருடாவார். சாலைப் போக்குவரத்து இலாகா அதற்குச் சம்மன் கொடுப்பது முற்றிலும் நியாயமே.

சரி, ஹாலஜனிலேயே கூடுதல் வெளிச்சம் என்று விற்கப்படுபவை எப்படி? ஹாலஜன் பல்பின் உள்ளே புரோமின் அல்லது அயோடின் சேர்மம் சிறிதளவு அடைக்கப்பட்டிருக்கும். 3422 பாகை செல்சியஸில் உருகக்கூடிய டங்ஸ்டன் இழை, அதற்குச் சில நூறு பாகை குறைவான வெப்பத்தில் எரியும்போது மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவி கண்ணாடிச் சுவரருகே ஹாலஜனுடன் சேர்ந்து, மீண்டும் இழையின் அருகே வந்து பிரிந்து டங்ஸ்டனை அங்கேயே விட்டுச் செல்கிறது. இந்தச் சுழற்சியினால் கண்ணாடி கறுப்பதில்லை. இழையையும் வழக்கமான பல்பைவிட அதிகச் சூட்டில் எரிக்க முடிகிறது. மேல்தர ஹாலஜன்களில் இழையை மேலும் குறுகலாகச் சுற்றி, செனான் கலந்த வாயுவை அடைத்து, இன்னும் சற்று அதிகச் சூட்டில் எரிக்கிறார்கள். மொத்த லூமென் சட்ட வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் ஒளி சிறிய இடத்திலிருந்து பிறப்பதால், சாலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் அதன் செறிவு கூடுகிறது. பெட்டியில் உள்ள 100, 150 சதவீதம் என்பது அந்தப் பகுதியில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்ட கணக்கு. ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், செறிவு ஒன்றரை மடங்கானாலும் கண்ணுக்கு எட்டும் தூரம் ஏறத்தாழ 22 சதவீதமே கூடும். அதற்கு விலையாகப் பல்பின் ஆயுள் குறைகிறது. இரவில் அடிக்கடி ஓட்டுபவருக்கு இந்தப் பேரம் ஏற்கத்தக்கது என்பது என் கருத்து. இழையின் இடம் மாறாத ஒரே மேம்பாடு இதுதான்.

நீலச் சாயம் பூசிய ஹாலஜன்களை வாங்கவே வேண்டாம். கெல்வின் எண் நிறத்தைக் குறிப்பது, வெளிச்சத்தை அன்று. நீலப் பூச்சு மஞ்சள் சிவப்புக் கதிர்களை விழுங்கித்தான் வெண்மையைக் காட்டுகிறது. மழைக்கு மஞ்சள் பல்பு நல்லது என்ற நம்பிக்கையிலும் பாதிதான் உண்மை. பனித்துளியும் மழைத்துளியும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால், எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியே சிதறடிக்கின்றன. நனைந்த தார்ச்சாலை இருட்டாகத் தெரிவதற்குக் காரணம் வேறு: தண்ணீர்ப் படலம் கண்ணாடியாக மாறி, நம் ஒளியை நம்மிடம் திருப்பாமல் முன்னோக்கி அனுப்பிவிடுகிறது. மஞ்சளில் நீலக்கூறு குறைவு என்பதால் கண் கூச்சம் சற்றுத் தணியலாம், அவ்வளவே. 100/90 வாட் பல்புகளோ வயரையும் பல்பின் பிளக்கையும் உருக்கக்கூடியவை.

இவ்வளவும் புதிய பல்பைப் பற்றியது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய காரில் குறை பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. நம் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் முகப்பை அரித்து மஞ்சளாக்கிவிடுகின்றன. அதற்குள் எந்தப் பல்பைப் போட்டாலும் குடத்திலிட்ட விளக்குதான். ஈரத்தாளால் தேய்த்து மெருகேற்றி, மேலே புற ஊதாக் காப்புப் பூச்சும் பூசினால் கிடைக்கும் மாற்றம், விலையுயர்ந்த பல்பு தருவதைவிடப் பெரியது. பூச்சை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழையபடி மங்கும்.

மின்னழுத்தம் அடுத்த களவாணி. டங்ஸ்டன் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து, பல்பின் முனையில் 12.8 வோல்ட் மட்டுமே வந்தால், வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். பல்பின் பின்னால் உள்ள மூன்று துளைப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே உள்ள பித்தளைத் தகடு கறுத்திருந்தால், மின்தடை அங்கே சூடாகிக்கொண்டிருக்கிறது. பிளக்கை மாற்றி, பூமி இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் வழியாக நேரடியாக வயர் இழுத்தால் இழந்த ஒளி திரும்பும். ஆனால் அளவு மீறக் கூடாது. இயல்பான மின்னழுத்தத்துக்கு மேல் 5 சதவீதம் ஏறினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

வாங்கும்போது வட்டத்துக்குள் இ எழுத்தும் எண்ணும் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஐ.நா. வாகன விதிமுறைகளின்படி சோதிக்கப்பட்டதற்கான அடையாளம் அது. 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து, 2006இல் அந்த உடன்பாட்டில் இணைந்த மலேசியாவுக்கு 52. சில எல்இடி பல்புகளிலும் இந்த முத்திரை இருக்கும். ஆனால் உடன் 10ஆர் என்று பொறித்திருந்தால், அது மின்காந்த இரைச்சலுக்கான ஒப்புதலே தவிர ஒளிக்கற்றைக்கானதன்று. பொருத்தும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்; தோலின் எண்ணெய்ப் பிசுக்குப் பட்ட இடம் மிகையாகச் சூடேறி அங்கே கண்ணாடி பழுதடையும். உலோக வளையத்தின் மூன்று காதுகளும் பள்ளங்களில் சரியாக அமர்ந்த பிறகே கம்பிக் கொக்கியை மாட்ட வேண்டும்; ஒரு காது ஏறி நின்றாலும் கற்றை கோணலாகும். இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே முறை.

கடைசியாகக் குறி பார்த்தல். தாழ் கற்றையின் எல்லைக்கோடு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வீதம் இறங்க வேண்டும். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், வலப்பக்கத்து ஒளி 65 மீட்டரில் தரையைத் தொட்டு முடிகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கார், ஓட்டுநர் சுதாரிக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்து, காய்ந்த சாலையில் நிற்கவே ஏறத்தாழ அதே தூரம் தேவை. நனைந்த சாலையில் 90 மீட்டரையும் தாண்டும். இந்த 65 மீட்டரை எந்தப் பல்பாலும் நீட்ட முடியாது, ஏனெனில் அது கோணத்தின் கணக்கு. பின் இருக்கையில் மூவர் ஏறி, பூட்டில் அரிசி மூட்டையும் இருந்தால் காரின் மூக்கு நிமிர்ந்து கோடு மேலேறிவிடும். காரில் ஹெட்லைட்டின் உயரத்தைக் குறைக்கும் திருகு இருந்தால், அப்போது அதைச் சுழியத்திலிருந்து 1 அல்லது 2க்குத் திருப்பி ஒளியை இறக்கி வைத்து, ஆட்கள் இறங்கியதும் மீண்டும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும்.