கவுண்டர்ல நிக்கிற பொண்ணுகிட்ட சண்டை போடாதீங்க

கும்பகோணத்துல டிராவல்ஸ் வச்சிருக்கேன், டிக்கெட், விசான்னு எப்பவும் இதே பொழப்புதான். போன மாசில வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருத்தவங்க, மகளுக்குக் கோலாலம்பூர்ல பிரசவம்னு லேகியம், சுக்குப்பொடி, மோர்மிளகாயெல்லாம் கட்டிக்கிட்டு திருச்சி ஏர்போர்ட்டு போனாங்க. 2023 டிசம்பர்லேர்ந்து மலேசியாவுக்கு 30 நாளுக்கு விசா வேணாமேன்னு பாஸ்போர்ட்ட யாரும் உத்துப் பாக்கல, நானும் பாக்கல, என் தப்புதான். அது முடிய நாலே மாசம், அங்க ஆறு மாசம் கேப்பாங்க. கவுண்டர்லயே நிறுத்திட்டாங்க.

அந்தம்மாவோட பையன் கத்துறாரு, "அந்த ஊரு இமிகிரேஷன்ல நாங்க பேசிக்கிறோம், நீ யாரும்மா தடுக்க?"

அங்கதான் விஷயமே இருக்கு. பேப்பர் சரியில்லாத ஆள ஏத்திட்டுப் போனா தண்டம் கட்டுறது ஏர்லைன். பிரிட்டன்ல தலைக்கு 2000 பவுண்ட். ஐரோப்பிய யூனியன் 2001லயே ஒரு உத்தரவு போட்டுச்சு, உறுப்பு நாடுங்க கொறஞ்சபட்ச அபராதம்னு ஒண்ணு வச்சா அது ஆளுக்கு 3000 யூரோவுக்குக் கொறையக் கூடாதுன்னு. நம்ம நாட்டுலயும் 2000ல வந்த சட்டத்துல, இங்க அப்படிக் கொண்டாந்து எறக்குனா ஆளுக்கு 1 லட்சம்னு இருந்துச்சு, இப்ப அத எடுத்துட்டு 2025ல புதுச் சட்டமே வந்துருச்சு. தண்டத்தோட முடியாது, திருப்பி அனுப்புன ஆள அதே ஏர்லைன்தான் கூட்டிட்டு வரணும். கோலாலம்பூர் டிக்கெட்டுல அவங்களுக்கு என்ன நிக்கும், நீங்களே கணக்குப் போடுங்க. அந்தப் பொண்ணு டைமாட்டிக்ல தட்டிப் பாக்கும், எந்த நாட்டுக்கு என்ன பேப்பர்னு அதுல இருக்கும், சரியில்லன்னா போர்டிங் பாஸ் கிடையாது, ஏத்திவிட்டா அதோட வேலைக்குத்தான் ஆபத்து.

இன்னொண்ணு, நம்மாளுங்களுக்குன்னே இருக்க வில்லங்கம், ஒத்தப் பேரு. நமக்கு இனிஷியல்தானே, சர்நேம்னு தனியா ஏது? 2022 நவம்பர்ல துபாய் பக்கம் விசிட் விசாவுல ஒத்தப் பேரு பாஸ்போர்ட்ட ஏத்தக் கூடாதுன்னு சொன்னாங்க, அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரு இருந்தா போதும்னாங்க, அதுக்குள்ள எத்தன பேரு அலைஞ்சாங்க தெரியுமா.

இப்பல்லாம் பாஸ்போர்ட்டோட முதல் பக்கம், கடைசிப் பக்கம் ரெண்டும் வாட்ஸப்புல வந்தாதான் காசே வாங்குறேன்.

அந்தம்மாவுக்கு டிக்கெட் காசு போச்சு, பாதிய நான் குடுத்தேன். தட்கல்ல பாஸ்போர்ட் மாத்தி அவங்க போய்ச் சேர்றப்ப பேரனுக்குப் பதினோரு நாளு.