டிசம்பர் ஊழியப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்

போன வாரம் ஒரு சபையில் ஆயத்தக் கூட்டம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பதினைந்து பேர் கம்போடியா போகிறார்கள். சியெம் ரீப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் ஐந்து நாள் ஊழியம். பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இருபது நிமிடம் என்றார்கள், கிடைத்தது எட்டு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் போன வருடப் படங்களைத் திரையில் ஓடவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸ விட்டு இறங்கினதுமே பிள்ளைங்க ஓடி வந்து கட்டிக்கிட்டாங்க. அன்புக்கு அவ்வளவு ஏக்கம்!" முன்வரிசையில் ஒரு தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தைகள் மனநல ஆலோசகராக இந்த வாக்கியத்தை எத்தனை சபையில்தான் கேட்பது? எட்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

உங்கள் வீட்டு மூன்று வயதுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்தால் அம்மா காலுக்குப் பின்னால் ஒளிவான். அங்கிருந்தே எட்டிப் பார்ப்பான். பிஸ்கட்டை நீட்டினால் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுவான். "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்கிறோமே, அந்தக் கூச்சம்தான் ஆரோக்கியம். நம்மவர் யார், அந்நியர் யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்த நிமிடமே உங்கள் மடியில் ஏறும் பிள்ளைக்கு அந்தக் கோடு அழிந்துபோயிருக்கிறது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் அரசு விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அதில் ஒரு சோதனை உண்டு. அந்நியர் ஒருவர் வாசலில் நின்று, "என்னோட வா, ஒண்ணு காட்டுறேன்" என்று கூப்பிடுவார். குடும்பத்திலேயே வளர்ந்த பிள்ளைகளில் கிளம்பிப் போனவர்கள் மிகக் குறைவு. விடுதியில் இருந்த பிள்ளைகளில் பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். நீங்கள் சாட்சியாகச் சொல்லும் காட்சியும் இதுதான். உங்களிடம் ஓடி வந்த அதே கால்கள் அடுத்த பஸ்ஸில் வரும் எவனிடமும் ஓடும்.

சில வருடம் முன்பு அப்படி ஒரு இல்லத்துக்கு நானும் போயிருக்கிறேன். ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "போங்" என்றாள். கெமர் மொழியில் அக்காவுக்கும் அண்ணனுக்கும் அதே சொல்தான். என் பெயரை அவள் கேட்கவில்லை. "வியாழக்கிழமை போறீங்களா, வெள்ளிக்கிழமையா?" என்று மட்டும் கேட்டாள். வெள்ளி என்றேன். தலையாட்டிவிட்டு, போன குழு சொல்லிக்கொடுத்த அபிநயப் பாட்டை எனக்கு ஒரு வரி விடாமல் பாடிக் காட்டினாள்.

அப்புறம், இல்லத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் அந்த 'அனாதை' என்ற வார்த்தை. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியது. ஆனால் அவற்றில் இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். பிறகு ஏன் இல்லம்? வறுமை. பள்ளிக்கூடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. பார்வையாளரும் நன்கொடையும் வந்துகொண்டே இருந்தால் கட்டில்களும் நிரம்பத்தான் செய்யும். கூட்டத்தில் யாக்கோபு 1:27 வாசித்தார்கள், உபத்திரவப்படுகிறவர்களை விசாரிக்கச் சொல்லும் வேத வசனம். 'திக்கற்ற பிள்ளைகள்' வரை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அடுத்த வார்த்தை விதவைகள், ஐயா! அந்தப் பிள்ளையின் அம்மாவாகவே இருக்கலாம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் இருப்பாள். அவளை யார் விசாரித்தீர்கள்?

சரி, போவது என்று முடிவாகிவிட்டது என்றால் கேளுங்கள். பிள்ளையோடு தனியாக ஒரு அறையில் இருக்காதீர்கள், பாஸ்டரானாலும் சரி. குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உங்கள் வேலை இல்லை, அங்கே இருக்கும் பராமரிப்பாளர் பார்த்துக்கொள்வார். முகம் தெரியும் படம் ஃபேஸ்புக்கில் வேண்டவே வேண்டாம். உங்கள் பிள்ளையின் பாலர் பள்ளிக்குள் பதினைந்து பேர் கைப்பேசியோடு நுழைந்தால் விடுவீர்களா? ஐஸ்கிரீம் வாங்கித்தரக்கூட வளாகத்துக்கு வெளியே கூட்டிப்போகாதீர்கள். ஹெய்தியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு அமெரிக்க பாப்டிஸ்ட் குழுவினர் 10 பேர், 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துக் கைதானார்கள். அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் போனதாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தது பிறகு தெரிந்தது.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். "அடுத்த வருஷம் வருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் நாள் எண்ணுவார்கள்.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தங்கச்சி வந்தாள். "அப்போ நாங்க போகவே கூடாதா, அக்கா?" போகலாம்மா. பராமரிப்பாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுங்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்யுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையை அங்கே யாராவது செய்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குக் காசு கொடுங்கள். போவதற்கு முன் இல்லத்திடம் ஒரே ஒரு கேள்வி: எத்தனை பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார், கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

பாஸ்டர் அன்றைக்கே அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். பதில் வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றேன். ஆகஸ்ட் மாதமே எடுத்தாகிவிட்டதாம்.