வெயில் ஊருக்கு தெர்மோஸ்டாட் வேண்டாமா?

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். 2007 மாடல், சின்ன பெட்ரோல் கார். "தம்பி, லிட்டருக்கு 11கூட வரமாட்டேங்குது. எல்லாத்தையும் மாத்தியாச்சு. வித்துடலாம்னு வீட்ல சொல்றாங்க" என்றார். கையில் ஒரு கட்டு பில். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார், இரண்டு முறை இன்ஜெக்டர் கிளீனிங். கூட்டிப் பார்த்தால் 14,000 ரூபாய்க்கு மேல் வருகிறது.

சாவியைத் திருப்பினேன். ஏசி அணைத்துதான் இருந்தது, இஞ்ஜினும் ஆறிப்போய் இருந்தது. ஆனாலும் ரேடியேட்டர் ஃபேன் உடனே சுற்றத் தொடங்கியது. எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிட்டது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். கூலன்ட், அதாவது இஞ்ஜினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீரின் சூடு, 58 டிகிரியைத் தாண்டவே இல்லை. திரும்பி வந்து, அந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைக் கழற்றினால் உள்ளே ஒன்றும் இல்லை. யாரோ எடுத்துவிட்டு, ஃபேனும் எப்போதும் சுற்றும்படி நேராகக் கரன்ட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த வருடத்தில் இப்படி என்னிடம் வந்த ஐந்தாவது கார் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு." இதை எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன்! கார் வைத்திருப்பவர் சொன்னால் பரவாயில்லை. தொழிலில் இருப்பவர்களே சொல்வதுதான் தாங்கமுடியவில்லை. சித்திரை மாத வெயிலில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் அதில் சோறு வேகுமா? வேகாது. கோயம்புத்தூரில் 38 டிகிரி என்றால் நமக்குத்தான் அது வெயில். இஞ்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் 85, 90 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 38 டிகிரி என்பது இஞ்ஜினுக்குக் குளிர்தான். ஊட்டியில் 15 டிகிரி, இங்கே 38 டிகிரி, இரண்டுமே அதற்குப் போதாது.

தெர்மோஸ்டாட் செய்யும் வேலை ஒரு கதவின் வேலை. இஞ்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் 82 டிகிரியிலோ 88 டிகிரியிலோ திறக்க ஆரம்பிக்கும், அந்த எண் அதன் மேலேயே அடித்திருக்கும். அப்புறமும் வேலை முடிவதில்லை. ஓட்டம் முழுக்கக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தும். கதவைப் பிடுங்கிவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி ஆறி வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் அடித்தால் இஞ்ஜின் எப்போது சூடாவது?

காரின் கம்ப்யூட்டர் அந்த 58 டிகிரியைப் பார்க்கிறது. "இப்போதுதான் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், இன்னும் சூடாகவில்லை" என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டி விடுகிறது. கார்புரேட்டர் காலத்தில் அணைக்க மறந்த சோக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க, வருடம் முழுக்க அப்படியே ஓடும். ஆக்சிஜன் சென்சாரை மாற்றி என்ன பயன்? இன்ஜெக்டரைக் கழுவி என்ன பயன்? அவை தங்களுக்குச் சொன்னதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

மைலேஜோடு இது முடிவதில்லை. எரியாத பெட்ரோல் இறங்கி ஆயிலில் கலக்கும். சூடு போதாததால் ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகி வெளியேறாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் தயிர் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஹெட் கேஸ்கட் போச்சு, இஞ்ஜினை இறக்கணும்" என்று சொல்லப்பட்ட ஒரு காரும் அந்த ஐந்தில் உண்டு. தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் அந்தக் கேஸ்கட் நன்றாகவே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது தொழில்காரர்களுக்கு. எடுத்துவிட்டால் ஹீட்டாகாது என்பதும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. பல இஞ்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பின்பக்கத் தட்டு பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே சுற்றிவரும். காந்திபுரம் டிராஃபிக்கில் மதியம் நிற்கும்போது அந்த இஞ்ஜின் முன்பைவிட அதிகமாகச் சூடேறும். ரோட்டில் குளிர், ஊருக்குள் கொதி. அந்தப் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

கோத்தகிரியிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் மட்டும் தன் காரில் இதைத் தானே கண்டுபிடித்துவிட்டார். மார்கழியில் ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்பாகக்கூட வரவில்லை. சமவெளியில் யார் ஹீட்டர் போடுகிறோம்? அதனால் நமக்குத் தெரிவதே இல்லை.

நீங்களே வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. காலையில் இஞ்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் சில நிமிடங்கள் அது குளிர்ந்தே இருக்க வேண்டும், பிறகு சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஃபேன் பக்கம் கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள், அது திடீரென்று சுற்றும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். முகம் வெந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எல்லா மைலேஜ் குறைவுக்கும் தெர்மோஸ்டாட்தானா? கிடையாது. ஆசிரியரின் காரிலேயே இன்னொரு கோளாறும் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது அவருடைய நோட்டு. பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, லிட்டர், கிலோமீட்டர் எழுதி வைத்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் டேங்க் ஃபுல். கடைசி வரி 340 கிலோமீட்டருக்கு 31 லிட்டர். பின்னோக்கிப் புரட்டினேன். 16-லிருந்து 15-க்கு இறங்க வருடங்கள் ஆகியிருக்கின்றன. 15-லிருந்து 12-க்கு ஒரே மாதத்தில் விழுந்திருக்கிறது. "சார், இந்த மாசம் என்ன வேலை பார்த்தீங்க?" என்றேன். யோசித்துவிட்டு, "ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு மாத்தினோம் தம்பி" என்றார். அன்றைக்குத்தான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்க வேண்டும். அதன் பிறகு 12-லிருந்து 11-க்கு மெல்லச் சரிந்தது வேறு கதை. ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் முன் இடதுசக்கரம் மட்டும் அனலடித்தது. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரின் பின் (ஊசி) துருவேறி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

மெல்லச் சரிந்தால் தேய்மானம், டயர் காற்று, பிரேக் பிடிப்பு என்று தேடலாம். ஒரே மாதத்தில் விழுந்தால் அந்த மாதம் யார் எதைத் தொட்டார்கள் என்று கேட்க வேண்டும். நோட்டு இல்லாமல் இதைச் சொல்லவே முடியாது. "முன்னாடி நல்லா வந்துச்சு, இப்ப வரலை" என்று மட்டும் சொன்னால் நானும் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

இப்போது எல்லாப் பழியும் எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் விழுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி 6, 7 சதவீதம் குறையும். 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையும் பழைய வகைக் கார்களுக்கு அதே அளவைத்தான் சொன்னது. அதாவது 16 தந்த கார் 15 தரும். 11 தந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது, தேடுங்கள். பழைய கார் என்றால் பெட்ரோல் ஹோஸ்களை மட்டும் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய டயர் மாட்டியவர்கள் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். 145/80 ஆர்13 இருந்த இடத்தில் 155/80 ஆர்13 போட்டால் சக்கரம் 3 சதவீதம் அளவுக்குப் பெரிது. மீட்டர் குறைவாகக் காட்டும். குறையாத மைலேஜும் குறைந்ததாகத் தெரியும்.

மாதம் இருமுறை டயர் காற்று. கூலன்ட் தீர்ந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டாதீர்கள். துருப்பிடித்து தெர்மோஸ்டாட் இறுகுவதே பல நேரம் அதனால்தான், இறுகியதும் எடுத்து வீசிவிடுகிறார்கள். மைலேஜ் கூட்டும் பாட்டில் மருந்து எதுவும் வாங்க வேண்டாம். சென்சார் மாற்றச் சொன்னால், மாற்றும் முன் ஸ்கேனரில் அளவைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். கூலிங் வேலை பார்த்துக் காரைத் திருப்பி எடுக்கும்போது, "தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சின்னக் கார்களுக்குச் சில நூறு ரூபாய்ப் பொருள் அது.

ஆசிரியரின் காருக்குப் புது தெர்மோஸ்டாட், ஃபேன் சூடானால் மட்டும் சுற்றப் பழையபடி ரிலே, கேலிப்பருக்குப் புதுப் பின், ஆயில் மாற்றம். நேற்று போன் செய்தார். 402 கிலோமீட்டருக்கு 27 லிட்டர் என்று நோட்டைப் பார்த்து வாசித்தார். காரை விற்கவில்லையாம்.