மேசைப் பூவா? முதலில் பாத்திரத்தைப் பேசுவோம்

கல்யாண விருந்துக்குப் பூ அலங்காரம் கேட்டு கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வருகிறவர்கள் முதலில் பூவைத்தான் விசாரிப்பார்கள். கேமரன் மலை ரோஜாவா, ஆர்க்கிட்டா, சம்பங்கி கிடைக்குமா என்று. நானோ, "சாப்பாடு மேசைக்கு வருமா, பஃபேயா?" என்றுதான் கேட்பேன். மேசைக்கு வந்தால் நடுவில் சுழலும் தட்டு இருக்கும். பத்துப் பேருக்கான பதார்த்தங்களும் அதன்மேல்தான். பூவுக்கு மிஞ்சுவது சின்ன வட்டம். அந்தத் தட்டில் உயர ஜாடி வைக்க நான் சம்மதிப்பதில்லை. குழந்தைகள் வேகமாகச் சுற்றினால் சாய்ந்துவிடும்.

எதிரே இருப்பவர் முகம் தெரிய வேண்டும். பூவோடு சேர்த்து உயரத்தை 30 செ.மீ.க்குள் நிறுத்துங்கள். உயரம்தான் வேண்டுமென்றால் மெலிந்த தாங்கியில் 60 செ.மீ.க்கு மேலே ஏற்றி, அடியைக் கனமாக்குங்கள்.

செலவு பெருகுவது பாத்திரத்தின் வாயில். வாயின் அகலம் 8 செ.மீ.யிலிருந்து 16 செ.மீ. ஆனால், நிரப்ப வேண்டிய பரப்பு நான்கு மடங்கு. 40 மேசைக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அம்மா அப்பா தலையில் எவ்வளவு ஏறும் என்று. அகலமான பாத்திரம்தான் பிடித்திருக்கிறது என்றால், வாயின் குறுக்கே ஒளிபுகும் டேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டச் சொல்லுங்கள். குறைந்த பூவே சாயாமல் நிற்கும். பூத்தண்டைக் குத்தி நிறுத்தும் பச்சை ஸ்பாஞ்சை நான் தவிர்க்கிறேன்; அது மக்காத பிளாஸ்டிக், உதிர்ந்தால் நீரில் நுண்துகளாகக் கலக்கும்.

நம் வீட்டுப் பித்தளை உருளியும் செம்பும் மேசையில் வந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. தாழ்வாக, கனமாக, அசையாமல் இருக்கும். ஆனால் பூ வாடாமலிருக்கக் கலக்கும் மருந்துநீர் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உள்ளது, உலோகத்தோடு சேரக்கூடாது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வையுங்கள். மெருகிடாத மண்சட்டிக்கும் அதே ஏற்பாடு வேண்டும், இல்லாவிட்டால் நீர் கசிந்து மேசைத்துணி நனையும். கண்ணாடி ஜாடியில் தண்ணீருக்குள் ஓர் இலைகூட இருக்கக்கூடாது. அழுகி நீர் கலங்கிவிடும்.

இனிச் சொல்வது அலங்காரத்தைவிட முக்கியம். விருந்து முடிந்ததும் ஆளுக்கொரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போவது நம்மிடம் வழக்கம். பூ வாடியபின் அது வீட்டுப் பின்கட்டில் மழைநீரோடு கிடக்கும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வீட்டில் கொசு பெருக விட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

விருந்தினருக்குப் பூ கொடுக்க ஆசையா? காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்படி அலங்காரக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பாத்திரங்கள் அன்றிரவே எண்ணிக்கை பார்த்துத் திரும்பட்டும்.