அப்பாவுக்கு வசனம் இல்லை

திருகோணமலையில் இளம் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதப் பழக்கிவருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறைக்குச் சம்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர், கொப்பியில் தன் முதல் நாடகத்தை எழுதிக்கொண்டு வந்தார். 2006இல் போரால் ஊர்ச் சனம் இடம்பெயர்ந்ததுதான் கதை. அம்மா கதவைப் பூட்டி, திறப்பைச் சேலைத்தலைப்பில் முடிந்துகொள்கிறார். "ரெண்டு நாளில வந்திடுவம்" என்கிறார். அப்பாவின் பெயருக்கு எதிரே வெறும் புள்ளிகள்.

"அப்பாவுக்கும் வசனம் குடுங்கோ தம்பி" என்றேன். பெரிய பிழை. அடுத்த கிழமை அப்பா போரைப் பற்றி மூன்று பக்கம் பேசினார். நல்ல தமிழ்தான், ஆனால் அந்த வீடு காணாமற்போயிருந்தது. புள்ளிகளையே திரும்பப் போடச் சொன்னேன். சம்பூர்ச் சனம் ஊர் திரும்பக் கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆனது. அதை அறிந்தவர்களுக்கு முன்னால் "ரெண்டு நாள்" என்ற சொல்லே போதும்.

குழப்பமான காலத்தில் வளர்ந்தவர்களின் முதல் எழுத்தில் ஒன்றில் கோஷம் இருக்கும், இல்லையென்றால் இப்படி வாயடைத்த இடங்கள் இருக்கும். ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1918இல் இராணுவ மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவர். போரிலிருந்து திரும்பிய சிப்பாயைப் பற்றிய அவருடைய நாடகம் 1922இல் மியூனிக்கில் மேடையேறியபோது அவருக்கு வயது 24. வெளியே புரட்சி நடக்க, சிப்பாய் காதலியோடு வீட்டுக்குப் போய்விடுவான். பிற்காலத்தில் அந்த முடிவு பிரெக்டையே உறுத்தியது. நாடகத்தை ஒதுக்கிவிடலாமா என்றுகூட யோசித்து, கடைசியில் திருத்தி வைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் களைத்த சிப்பாயைத்தான் பிடிக்கும். ஆஸ்பத்திரிக் கட்டில்களைப் பார்த்த இளைஞருக்குத்தான் அவன் அகப்பட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

சரி, நம் தம்பிக்கு வருவோம். அப்பா வேடத்தைத் தானே நடிப்பதாகக் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் தன் இழப்பைத் திரும்பத் திரும்ப வாழ்வது ஒரு பிள்ளையை நோகடித்துவிடலாம். வேறொருவர் நடித்தார். இவர் என் பக்கத்தில் இருந்து பார்த்தார். "காணும் சேர்" என்றால் அன்றைக்கு ஒத்திகை முடிந்தது. அம்மாவிடம் அனுமதி கேட்டோம். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டோம். பார்த்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

எழுதுகிற பிள்ளைக்கு நித்திரை குழம்பினால், பேச்சுக் குறைந்தால், நாடகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உளவளத்துணையாளரிடம் அழைத்துப் போங்கள். போட்டிப் பரிசுக்காக "அழவைக்கிற மாதிரி எழுது" என்று பிள்ளைகளிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

அவர் இப்போது மூன்றாவது நாடகம் எழுதுகிறார். கல்யாண வீடு, நல்ல பகிடி. முதல் காட்சியிலேயே யாரோ திறப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.