பச்சைக் கோடு கம்பத்தோடு: தேசியக் கொடியை ஏற்றும் முறை

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நெருங்கினால் மலையகத்து ஹட்டன், பண்டாரவளைக் கடைவீதிகளில் தேசியக் கொடிகள் தொங்கத் தொடங்கிவிடும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலுக்கு ஒன்று, ஓட்டோவுக்கு ஒன்று என்று ஆசையாக வாங்குகிறோம். ஆனால் கட்டும்போது தவறிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டப் பாடசாலையில் கொடி பக்கம் மாறி ஏறியிருந்தது. பிள்ளைகள் அதை அண்ணாந்து பார்த்தபடியே தேசிய கீதம் பாடி முடித்தார்கள். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

நினைவில் வைக்க ஒரே அடையாளம் போதும்: பச்சைக் கோடு கம்பத்தை ஒட்டி இருக்கவேண்டும். அதற்கு அடுத்தது செம்மஞ்சள், அப்புறம் மெரூன் நிறப் பின்னணியில் வாளேந்திய சிங்கம். சிங்கத்தின் முகம் எப்போதும் கம்பத்தைப் பார்க்கும்; வாள் நுனி மேலே இருக்கும். கயிற்றில் கட்டுமுன் கொடியை இருவர் விரித்துப் பிடித்து இதைப் பார்த்துவிடுங்கள்.

கொடி எப்படி இருக்கவேண்டும் என்பதை அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரையும் இரண்டாம் அட்டவணையும் சொல்கின்றன. அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம், சிங்கம் இருக்கும் கட்டத்தின் நான்கு மூலைகளிலும் அரசிலை, சுற்றி மஞ்சள் விளிம்பு. கோடுகள் இல்லாமல் சிங்கம் மட்டும் உள்ள கொடியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது தேசியக் கொடி அல்ல. சிங்கம் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடியிலிருந்து வந்தது. முஸ்லிம்களுக்குப் பச்சையும் தமிழருக்குச் செம்மஞ்சளும் 1951இல் சேர்க்கப்பட்டன. அப்போது மலையகத் தமிழரான நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோருக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பறித்திருந்தது. மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் வழிவிடும் சட்டம் வர 2003 ஆனது. அதனாலேயே அந்தச் செம்மஞ்சள் கோட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலையில் சூரியன் உதித்தபின் ஏற்றி, மறையுமுன் இறக்கவேண்டும். நம் பக்கத்தில் மூடுபனியும் மழையும் திடீரென்று வரும். நனைந்து கம்பத்தில் ஒட்டிக்கிடக்க விடாதீர்கள். இறக்கும்போது மண்ணில் படாமல் கையில் வாங்கி, நன்றாக உலர்த்தி மடித்து வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் அடுத்த வருடம் பூஞ்சணம் பிடித்த கொடிதான் கிடைக்கும். கிழிந்ததையும் நிறம் மங்கியதையும் ஏற்றக்கூடாது. மேசைவிரிப்பாகவோ திரையாகவோ பயன்படுத்துவதும், மேலே கட்சிச் சின்னமோ பெயரோ அச்சடிப்பதும் அவமதிப்புத்தான். தொழிற்சங்கக் கொடி, கோயில் கொடி எதுவானாலும் தேசியக் கொடி இருக்கும் கம்பத்தில் கட்டாமல் வேறு கம்பத்தில் கட்டுங்கள்.

தோட்டத்தில் ஒருவர் இறந்தால் வெள்ளைக்கொடி கட்டுவது நம் வழக்கம். அது அப்படியே இருக்கட்டும். தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் விடுவது வேறு. அரசாங்கம் துக்க நாள் அறிவித்தால்தான் அது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் 2019 ஏப்ரல் 23 அப்படி ஒரு நாள். முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகுதான் பாதிக்கு இறக்கவேண்டும். மாலையில் இறக்கும்போதும் ஒருமுறை உச்சிக்குக் கொண்டுபோய் இறக்குங்கள்.

பிள்ளைகள் ஆட்டிய காகிதக் கொடிகள் விழா முடிந்ததும் மைதானத்திலும் கானிலும் (வடிகாலிலும்) கிடக்கும். ஆசிரியர்கள் அன்று மாலையே ஒரு பையோடு நின்று, பிள்ளைகளைக்கொண்டே அவற்றைப் பொறுக்கி எடுக்கச் செய்யுங்கள்.